எக்ஸ்இசட் கட்டளையால் கோப்புகளைச் சுருக்குவதும் சரிபார்ப்பதும்: மூலத்தை அழிக்கும் முன் செய்ய வேண்டியவை

வட்டில் இடம் குறையும்போது பழைய கோப்புகளைச் சுருக்கி வைப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் சுருக்கிய கோப்பை விரித்து, அது மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மூலத்தை அழிப்பவர்கள் மிகக் குறைவு. நானும் நெடுநாள் பார்க்காதவர்கள் பக்கம்தான் இருந்தேன். ஒருமுறை பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கி வெளிவட்டுக்கு நகலெடுத்தபோது வட்டில் இடம் தீர்ந்து, நகல் பாதியில் நின்றுவிட்டது. திரையில் வந்த பிழைச் செய்தியைக் கவனிக்காமல் கணினியில் இருந்த மூலத்தை அழித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து விரிக்க முயன்றபோதுதான் என்னிடம் இருந்தது முக்கால் கோப்பு என்று தெரிந்தது. ஒரே ஒரு கட்டளையை அன்றே இயக்கியிருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது. அந்தக் கட்டளையும் அதைச் சூழ்ந்த நடைமுறையும்தான் இங்கே விளக்கப்படுகின்றன.

முதலில் எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். ‘எக்ஸ்இசட்’ என்பது அந்த இரண்டு எழுத்துகள் மட்டுமே. ‘ஷா256சம்’ என்பது எஸ், எச், ஏ என்ற மூன்று எழுத்துகள், 256 என்ற எண், கூட்டல் தொகையைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல் ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுவது. ஓரெழுத்துத் தெரிவுகளில் விரிப்பதற்கு உரிய எழுத்தும் சோதிப்பதற்கு உரிய எழுத்தும் தமிழில் ‘டி’ என்றே ஒலிப்பதால், குழப்பத்தைத் தவிர்க்க இயன்ற இடத்திலெல்லாம் இரட்டைக் கோட்டில் தொடங்கும் நீள்வடிவத் தெரிவுகளையே பயன்படுத்துகிறேன். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் நீள்வடிவம் தன் பொருளைத் தானே சொல்லும் என்பதால், ஸ்கிரிப்ட் எழுதும்போது எப்படியும் அதுவே நல்லது. கோப்புகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். இன்றைய லினக்ஸ் கணினிகளில் அதற்குத் தடையில்லை.

எந்தக் கருவி, ஏன்

ஜிஜிப் என்ற சுருக்கும் கருவி 1992 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதை விரிக்க முடியாத கணினி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அது பயன்படுத்தும் டிஃப்ளேட் முறை பின்னோக்கிப் பார்க்கக்கூடிய தொலைவு 32 கிபிபைட் மட்டுமே. அதாவது ஒரு வரி மீண்டும் வரும்போது அதன் முந்தைய வருகை அந்தத் தொலைவுக்குள் இருந்தால்தான் ‘முன்பு வந்ததே’ என்று சுருக்கமாகக் குறிக்க முடியும். எக்ஸ்இசட் பயன்படுத்துவது 7-ஜிப் மென்பொருளை உருவாக்கிய இகோர் பாவ்லோவின் எல்இசட்எம்ஏ முறையின் அடுத்த வடிவம். அதன் இயல்பான நிலையிலேயே இந்தத் தொலைவு 8 மெபிபைட். பதிவுக் கோப்புகள், தரவுத்தளத்திலிருந்து எடுத்த உரைகள் போன்ற, திரும்பத் திரும்ப ஒரே வடிவம் வரும் கோப்புகளில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். பேஸ்புக் நிறுவனத்தில் யான் கோலே உருவாக்கி 2016இல் வெளிவந்த இசட்-ஸ்டாண்டர்டு வேகத்தில் எக்ஸ்இசட்டை எளிதில் முந்தும். தினமும் எடுத்துத் தினமும் விரிப்பதற்கு அதுவே ஏற்றது. ஒருமுறை சுருக்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவற்றுக்கு நான் எக்ஸ்இசட்டைத் தேர்ந்தெடுக்கிறேன்.

தமிழ் உரைக்கு இன்னொரு செய்தியும் உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். அவற்றில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ஆக, மூன்றில் ஒரு பைட்தான் உண்மையில் புதுச் செய்தி சொல்கிறது. மற்ற இரண்டும் ஏறக்குறைய தெரிந்தவையே. எந்தச் சுருக்கும் கருவியும் இந்த மிகையை உடனே கண்டுபிடித்துவிடும். தமிழ் உரைக் கோப்பு வட்டில் அதிக இடம் பிடிக்கிறதே என்று கவலைப்படுபவர்கள் சுருக்கிய பிறகு ஒருமுறை அளவைப் பார்க்கலாம். மாறாக, ஒளிப்படங்கள், காணொளிகள், எம்பி3 பாடல்கள், ஜிப் கோப்புகள் ஆகியவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை எக்ஸ்இசட்டில் மீண்டும் போடுவதால் நேரம் போகுமே தவிர இடம் மிஞ்சாது.

தொடங்கும் முன் பதிப்பைப் பாருங்கள்:

எக்ஸ்இசட் --வெர்ஷன்

விடை 5.6.0 அல்லது 5.6.1 என்று வந்தால் வேறு எதுவும் செய்யாமல் முதலில் அதைப் புதுப்பியுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அது சரிபார்ப்பு எனும் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது.

முதல் படி: மூலத்தின் ஹாஷைக் குறித்துவைத்தல்

பலரும் சுருக்கிய பிறகுதான் சரிபார்ப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் ஒப்பிட வேண்டிய மூலம் அழிந்திருக்கும், அல்லது மாறியிருக்கும். எனவே எதையும் சுருக்கும் முன், உள்ளபடியே மூலத்தின் ஹாஷை, அதாவது கோப்பின் பைட்களிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை, எடுத்து வைக்க வேண்டும். ஒரு கோப்பு என்றால்:

ஷா256சம் பதிவு > பதிவு.ஹாஷ்

இதன் விளைவு ஒரே ஒரு வரி. முதலில் 64 எழுத்துகள் கொண்ட பதினாறடிமான எண். அடுத்து இரண்டு இடைவெளிகள். பின்னர் கோப்பின் பெயர். பதிவுக் கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த 64 எழுத்துகளும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

ஒரு கோப்புறை முழுவதற்கும் எடுக்க வேண்டுமானால், அந்தக் கோப்புறைக்குள் சென்று இதை இயக்குங்கள்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் ஷா256சம் {} + > ../பட்டியல்

இந்த வரியில் இரண்டு நுணுக்கங்கள் உள்ளன. முதலாவது, ஃபைண்டுக்குப் பின் வரும் ஒற்றைப் புள்ளி. அது ‘இந்த இடத்திலிருந்து’ என்று பொருள்படுவதால் பட்டியலில் பாதைகள் சார்புப் பாதைகளாக அமைகின்றன. அங்கே முழுப் பாதையைக் கொடுத்தால், அதே கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியபின் சரிபார்க்கும்போது கருவி பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். பழைய இடத்தில் மூலம் இன்னும் இருந்தால் நிலைமை அதைவிட மோசம்: நீங்கள் நகலைச் சரிபார்ப்பதாக எண்ணிக்கொண்டு மூலத்தையே மறுபடி சரிபார்த்து, எல்லாம் சரி என்ற விடையையும் பெறுவீர்கள். இரண்டாவது, பட்டியலைக் கோப்புறைக்கு வெளியே எழுதும் ‘../’ என்ற குறி. உள்ளேயே எழுதினால் பாதி எழுதப்பட்ட பட்டியலின் ஹாஷும் அதே பட்டியலில் ஏறிவிடும். பின்னர் சரிபார்க்கும்போது அந்த ஒரு கோப்பு மட்டும் எப்போதும் தோல்வி என்றே காட்டும்.

எம்டி5 போன்ற பழைய முறைகள் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. தற்செயலான சிதைவைக் கண்டுபிடிக்க எம்டி5 இன்றும் போதும்தான். ஆனால் ஒரே எம்டி5 ஹாஷ் வரும்படி இரு வேறு உள்ளடக்கங்களை உருவாக்க முடியும் என்பது 2004இலும், ஷா1 முறைக்கு அதே கதி 2017இலும் செயல்முறையாகக் காட்டப்பட்டுவிட்டன. புதிதாகத் தொடங்கும் ஒரு பட்டியலுக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஏதுமில்லை.

இரண்டாம் படி: சுருக்குதல்

எக்ஸ்இசட் --கீப் --வெர்போஸ் பதிவு

‘வெர்போஸ்’ முன்னேற்றத்தைத் திரையில் காட்டும். ‘கீப்’ என்பதுதான் இங்கே முதன்மையானது. அது இல்லாவிட்டால், சுருக்கி முடித்ததும் எக்ஸ்இசட் மூலக் கோப்பைத் தானாகவே நீக்கிவிடும். ஜிஜிப், பிஜிப்2 ஆகியவற்றின் இயல்பும் இதுவே. இசட்-ஸ்டாண்டர்டு மட்டும் மூலத்தை விட்டுவைக்கும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறு செய்வது எளிது என்பதால், எந்தக் கருவியானாலும் ‘கீப்’ சேர்த்தே தட்டச்சு செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கட்டளை முடிந்ததும் பதிவு, பதிவு.எக்ஸ்இசட் என்ற இரண்டு கோப்புகளும் அருகருகே இருக்கும்.

சுருக்கும் நிலையை 0 முதல் 9 வரை எண்ணாகத் தரலாம். எதுவும் தராவிட்டால் 6. பலர் ‘அதிகம்தானே நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டு 9ஐத் தருகிறார்கள். 6 முதல் 9 வரையிலான நிலைகளுக்கிடையே உள்ள முதன்மை வேறுபாடு அகராதியின், அதாவது முன்பு சொன்ன பின்னோக்கிப் பார்க்கும் தொலைவின், அளவுதான்: 6இல் 8 மெபிபைட், 7இல் 16, 8இல் 32, 9இல் 64. உங்கள் கோப்பே 8 மெபிபைட்டுக்கும் குறைவு என்றால் 9ஐத் தருவதால் நினைவகம் வீணாவதைத் தவிர வேறு பயனில்லை. ஒற்றை இழையில் (த்ரெட்), அதாவது வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யாமல், இயங்கும்போது நிலை 6க்கு ஏறத்தாழ 94 மெபிபைட் நினைவகமும், நிலை 9க்கு 674 மெபிபைட்டும் தேவைப்படும். விரிக்கும்போது முறையே 9, 65 மெபிபைட் போதும். நான் 6லேயே நிற்கிறேன். மிகப் பெரிய உரைக் கோப்புகளுக்கு மட்டும் 9.

செயலியின் எல்லா உள்ளகங்களையும் பயன்படுத்த ‘--த்ரெட்ஸ்=0’ சேர்க்கலாம். 5.6.0 பதிப்பிலிருந்து பல இழைகளில் சுருக்குவதே இயல்பாகிவிட்டது. அப்போது கோப்பு பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே சுருக்கப்படுகிறது. நிலை 6இல் ஒரு தொகுதி 24 மெபிபைட். இதனால் அளவு சற்றே கூடும். ஆனால் பின்னாளில் ஒரு தொகுதி சிதைந்தால் மற்றவற்றைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கும் என்பதால், அந்தச் சிறு இழப்பை நான் பொருட்படுத்துவதில்லை.

கோப்பின் உள்ளே பதிக்கப்படும் சரிபார்ப்பு எண்ணை ‘--செக்’ என்ற தெரிவு தீர்மானிக்கிறது. இயல்பாக இருப்பது சிஆர்சி64. ‘--செக்=ஷா256’ என்றும் கேட்கலாம். இந்த எண் சுருக்கிய வடிவத்திலிருந்து அல்ல, சுருக்குவதற்கு முந்தைய தரவிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பது நினைவில் கொள்ள வேண்டியது. சுருக்கும் கருவி எவ்வளவுதான் திறமையாகச் செயல்பட்டாலும், விரித்து வெளிவரும் தரவு அந்த எண்ணோடு ஒத்துப்போனால்தான் சோதனை தேறும்.

மூன்றாம் படி: பார்த்தலும் சோதித்தலும் வேறு

எக்ஸ்இசட் --லிஸ்ட் பதிவு.எக்ஸ்இசட்

இது ஒரு சிறு அட்டவணையைத் தரும்: எத்தனை ஓடைகள், எத்தனை தொகுதிகள், சுருக்கிய அளவு, மூல அளவு, விகிதம், சரிபார்ப்பு வகை, பெயர். விகிதம் 0.180 என்றிருந்தால் நூறு பங்கு பதினெட்டுப் பங்காகிவிட்டது என்று பொருள். ஜிஜிப்பின் அட்டவணை இதற்கு நேர்மாறாக எவ்வளவு மிச்சமானது என்று சொல்லும். இரண்டையும் ஒப்பிடுபவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

இந்த அட்டவணை சரியாக வந்துவிட்டது என்பதால் கோப்பு நலமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. இது கோப்பின் இறுதியில் உள்ள சுட்டுவரிசையைப் படித்துச் சொல்லப்படுவது. நடுவில் உள்ள தரவை அது தொட்டும் பார்ப்பதில்லை. உண்மையான சோதனை இது:

எக்ஸ்இசட் --டெஸ்ட் --வெர்போஸ் பதிவு.எக்ஸ்இசட்

இது முழுக் கோப்பையும் விரித்து, வெளிவரும் தரவை எங்கும் எழுதாமல் எறிந்துவிட்டு, சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். குறை இல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. ‘எக்கோ $?’ என்று கேட்டால் 0 என்று வரும். 1 என்றால் பிழை, 2 என்றால் எச்சரிக்கை. ஸ்கிரிப்டில் திரையை அல்ல, இந்த வெளியேற்ற எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இந்தச் சோதனை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. தேவையற்ற ஒரு பெரிய கோப்பைச் சுருக்கி ‘சோதனை.எக்ஸ்இசட்’ என்று பெயரிட்டு, அதை ‘சோதனை2.எக்ஸ்இசட்’ என்று இன்னொரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நகலின் நடுவே ஒரே ஒரு பைட்டை மாற்றுவோம். அதற்கு, ‘டிஸ்க்’ என்பதன் முதலெழுத்தை இருமுறை எழுதினால் கிடைக்கும் ‘டிடி’ கட்டளை உதவும்:

பிரிண்ட்எஃப் எக்ஸ் | டிடி ஓஎஃப்=சோதனை.எக்ஸ்இசட் பிஎஸ்=1 சீக்=5000 கன்வ்=நோட்ரங்க்

5000ஆவது பைட்டைத் தாண்டி ஒரு பைட்டில் ‘எக்ஸ்’ எழுதப்படுகிறது. கடைசித் தெரிவு கோப்பின் மீதிப் பகுதியை வெட்டாமல் காக்கிறது. இப்போது ‘--லிஸ்ட்’ முன்போலவே அழகான அட்டவணையைத் தரும். ‘--டெஸ்ட்’ மட்டும் ‘கம்ப்ரெஸ்டு டேட்டா இஸ் கரப்ட்’ என்று நின்றுவிடும். அங்கே ஏற்கெனவே ‘எக்ஸ்’ எழுத்தே இருந்திருந்தால் எதுவும் மாறாது. அதற்கு 256இல் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தால் எண்ணை 5001 ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது நகலின் வாலை வெட்டுவோம்:

ட்ரங்கேட் --சைஸ்=-100 சோதனை2.எக்ஸ்இசட்

கடைசி 100 பைட்கள் போய்விட்டன. இப்போது சோதித்தால் ‘அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் இன்புட்’ என்று வரும். இந்த இரண்டு செய்திகளையும் வேறுபடுத்தி அறிவது பிழை தேடுவதில் பெரிதும் உதவும். முதலாவது, தரவு இடையில் சிதைந்தது என்பது. வட்டையோ நினைவகத்தையோ ஐயப்பட வேண்டும். இரண்டாவது, கோப்பு முழுமையாக வந்து சேரவில்லை என்பது. பதிவிறக்கம் பாதியில் நின்றதா, வட்டில் இடம் தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும். என் முக்கால் கோப்பு தந்த செய்தி இந்த இரண்டாவதுதான். மூன்றாவதாக, ‘ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு’ என்று வந்தால் அது எக்ஸ்இசட் கோப்பே அல்ல. இக்கோப்புகள் எல்லாம் 253 என்ற பைட்டில் தொடங்கி, ‘7இசட்எக்ஸ்இசட்’ என்ற நான்கு எழுத்துகளைக் கடந்து, 0இல் முடியும் ஆறு பைட் அடையாளத்தைக் கொண்டவை. பதிவிறக்கும்போது கோப்புக்குப் பதிலாக ஒரு பிழைப் பக்கம் அதே பெயரில் வந்து உட்கார்ந்துகொள்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

நான்காம் படி: மூலத்தோடு ஒப்பிடுதல்

சோதனை தேறியது என்றால், சுருக்கும்போது உள்ளே போன தரவு அப்படியே வெளியே வருகிறது என்று பொருள். ஆனால் உள்ளே போனதே நீங்கள் நினைத்த கோப்பு முழுவதும்தானா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையால் விடை சொல்ல முடியாது. மூலம் இன்னும் கையில் இருப்பதால் நேரடியாகவே ஒப்பிடலாம்:

எக்ஸ்இசட் --டிகம்ப்ரெஸ் --ஸ்டடவுட் பதிவு.எக்ஸ்இசட் | சிஎம்பி - பதிவு

இரண்டும் ஒன்றானால் திரையில் எதுவும் வராது. மூலம் வேறு கணினியில் இருந்து, கையில் அதன் ஹாஷ் மட்டும் இருந்தால், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் ‘|’ என்ற குழாய்க்கு அப்பால் ‘சிஎம்பி’க்குப் பதில் ‘ஷா256சம்’ என்று எழுதி, வரும் 64 எழுத்துகளை முதல் படியில் குறித்தவற்றோடு ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் கண்ணால் பார்த்து முடிப்பவர்கள் உண்டு. தற்செயலான பிழைக்கு அது போதும். வேண்டுமென்றே செய்யப்பட்ட மாற்றத்துக்குப் போதாது.

கோப்புறையும் குழாயின் பொறியும்

எக்ஸ்இசட் ஒரு கோப்பைத்தான் சுருக்கும். கோப்புறையை முதலில் டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்ட வேண்டும். ஒரே வரியில் இரண்டையும் செய்யலாம்:

டார் --கிரியேட் --எக்ஸ்இசட் --ஃபைல்=பெட்டி.டார்.எக்ஸ்இசட் ஆவணங்கள்

பலர் இதையே குழாய் வழியாகச் செய்கிறார்கள். டார் வெளியிடுவதை எக்ஸ்இசட் வாங்கிக்கொள்ளும். நிலை, இழைகள் போன்றவற்றை விருப்பப்படி தர அது வசதியானதுதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. டார் பாதியில் ஏதோ பிழையால் இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்இசட்டுக்கு அது தெரியாது. உள்ளீடு முடிந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். வந்தவரைக்கும் உள்ள தரவை ஒழுங்காகச் சுருக்கி, சரிபார்ப்பு எண்ணைப் பதித்து, கோப்பை முறைப்படி மூடிவிடும். அந்தக் கோப்பு ‘--டெஸ்ட்’ சோதனையில் எந்தக் குறையுமின்றித் தேறும். பாதித் தரவுக்கு முழுமையான சான்றிதழ் என்பதுதான் இதன் விளைவு. கட்டளைகளை இயக்கும் ஷெல்லும் இயல்பாகக் குழாயின் கடைசிக் கட்டளையின் வெளியேற்ற எண்ணையே எடுத்துக்கொள்ளும் என்பதால், ஸ்கிரிப்ட் வெற்றி என்றே எண்ணும். பாஷ் ஷெல்லில் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ என்ற வரியைச் சேர்த்தால், குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கொள்ளப்படும். தானியங்கிக் காப்பு நகல் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் இந்த வரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

கட்டிய பெட்டியை மூலக் கோப்புறையோடு ஒப்பிட, பெட்டியைக் கட்டிய அதே இடத்தில் நின்றுகொண்டு இதை இயக்கலாம்:

டார் --கம்பேர் --ஃபைல்=பெட்டி.டார்.எக்ஸ்இசட்

உள்ளடக்கம், அளவு, நேரம், அனுமதி ஆகியவற்றில் மாறியவற்றை அது வரிசையாகச் சொல்லும். ஆனால் பெட்டியில் உள்ளவற்றை மட்டுமே அது வட்டில் தேடுகிறது. வட்டில் இருந்தும் பெட்டிக்குள் போகாமல் விடுபட்ட கோப்புகளைப் பற்றி அது வாய் திறக்காது. முதல் படியில் எடுத்த பட்டியல் இங்கேதான் கைகொடுக்கிறது. தற்காலிகமான ஓரிடத்தில் பெட்டியை விரித்து, விரிந்த கோப்புறைக்குள் சென்று, பட்டியல் இருக்கும் இடத்தைச் சுட்டி இயக்குங்கள்:

ஷா256சம் --குவயட் --செக் ../பட்டியல்

‘குவயட்’ இருப்பதால் சரியானவை திரையை நிரப்பாது. தோற்றவையும் காணாமல் போனவையும் மட்டும் தெரியும். மூலத்தைக் கட்டும் முன் எடுத்த பட்டியல் என்பதால் விடுபட்ட ஒவ்வொரு கோப்பும் இதில் அகப்படும்.

பட்டியல் வேறு இயங்குதளத்துக்குப் பயணம் செய்தால் இரண்டு தொல்லைகள் வரலாம். விண்டோஸில் திறந்து சேமித்த பட்டியலில் வரியின் இறுதியில் கூடுதலாக ஒரு பைட் சேரும். பழைய பதிப்புகள் அதைப் பெயரின் பகுதியாகக் கொண்டு, கோப்பே இல்லை என்று சொல்லும். மற்றொன்று தமிழ்ப் பெயர்களுக்கே உரியது. ‘கோப்பு’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைச் சுழியையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; பைட்கள் வேறு. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். ஒ, ஓ, ஔ ஒலிகள் உள்ள பெயர்கள் மட்டும் காணாமல் போனதாகக் காட்டினால் இதை ஐயப்படுங்கள். கோப்பின் உள்ளடக்கத்துக்கு எந்தக் கேடும் வந்திருக்காது.

ஐந்தாம் படி: வேறிடத்துக்குக் கொண்டுசெல்லுதல்

சுருக்கிய கோப்புக்கும் தனியே ஒரு ஹாஷ் எடுத்து அதன் அருகிலேயே வையுங்கள். மூலத்தின் ஹாஷ் இருக்கும்போது இது எதற்கு என்றால், நகல் வந்து சேர்ந்த கணினியில் விரிக்காமலே சரிபார்க்க இது போதும். ஆனால் இதைக் கொண்டு இரண்டு பெட்டிகளின் உள்ளடக்கம் ஒன்றா என்று முடிவு செய்ய வேண்டாம். ஒரே கோப்பை வேறு நிலையிலோ, வேறு தொகுதி அளவிலோ, வேறு பதிப்பிலோ சுருக்கினால் பைட்கள் மாறலாம். ஜிஜிப் கோப்பினுள் பெயரும் நேரமும்கூடப் பதிவாகின்றன. உள்ளடக்கத்தை ஒப்பிட மூல ஹாஷ். பயணத்தைச் சரிபார்க்கச் சுருக்கிய கோப்பின் ஹாஷ்.

வெளிவட்டுக்கு நகலெடுத்த உடனேயே அங்கே சரிபார்த்தால், கருவி வட்டிலிருந்து படிக்காமல் நினைவகத்தில் இன்னும் தங்கியிருக்கும் நகலைப் படித்து ‘ஓகே’ என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. எனவே ‘சிங்க்’ கட்டளையை இயக்கி, வட்டை முறைப்படி கழற்றி, மீண்டும் செருகிய பிறகே ‘ஷா256சம் --செக்’ இயக்குங்கள். விண்டோஸ் பக்கம் பவர்ஷெல்லின் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ இதே எண்ணைத் தரும். மேக்கில் ‘ஷாசம் --அல்காரிதம் 256’. இந்தச் சோதனையும் தேறிய பின், இப்போதுதான், மூலத்தை அழிக்கலாம்.

ஹாஷ் சொல்லாதது

பிறர் தந்த கோப்பைச் சரிபார்க்கும்போது, ஹாஷ் எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி. கோப்பும் ஹாஷும் ஒரே சேவையகத்தில் இருந்தால், கோப்பை மாற்றத் தெரிந்தவருக்கு ஹாஷையும் மாற்றத் தெரியும். எக்ஸ்இசட் கோப்பின் உள்ளே பதிந்த ஷா256க்கும் இது பொருந்தும். மாற்றிய பின் மீண்டும் சுருக்கினால் புதிய எண் தானாகப் பதிந்துவிடும். இதற்கு மருந்து, ஜிபிஜி போன்ற கருவியால் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்.

கையொப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை உலகுக்குக் காட்டியது எக்ஸ்இசட்டேதான். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற நிரலாளர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்வாசல் ஒன்று மறைக்கப்பட்டிருப்பதை அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கண்டு துருவியபோது அகப்பட்டது அது. திட்டத்தில் ஈராண்டுகளுக்கும் மேலாகப் பங்களித்து, பராமரிப்பாளர் என்ற பொறுப்பையும் பெற்றிருந்த ‘ஜியா டான்’ என்ற பெயருடையவரே அதை வைத்தவர். பின்வாசலை இயக்கும் வரிகள் எல்லோரும் பார்க்கக்கூடிய மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. அந்தப் பொதியின் ஹாஷ் சரியாக இருந்தது, கையொப்பமும் செல்லுபடியானதே. ஹாஷ் ‘இது அதே கோப்பு’ என்று சொல்லும்; கையொப்பம் ‘இதை இவர் தந்தார்’ என்று சொல்லும். தந்தவர் நல்லவரா என்பது இரண்டின் வேலையும் அல்ல.

சிதைந்துவிட்டால்

ஹாஷ் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் அதே கோப்பை இரண்டு மூன்று முறை கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் கோப்பைவிடக் கணினியின் நினைவகத்தையோ இணைப்புக் கம்பியையோதான் ஐயப்பட வேண்டும். நல்ல கம்பியில், வேறு கணினியில் அதே வட்டு சரியான எண்ணையே தரக்கூடும். ஒரே தவறான எண் திரும்பத் திரும்ப வந்தால் சிதைவு வட்டிலேயே இருக்கிறது.

வேறு நகல் இல்லையென்றால், சிதைந்த இடம் வரையிலான தரவையாவது எடுத்துக்கொள்ளலாம்:

எக்ஸ்இசட் --டிகம்ப்ரெஸ் --ஸ்டடவுட் பதிவு.எக்ஸ்இசட் > மீட்பு

பிழைச் செய்தி வரும். ஆனாலும் அதுவரை விரிந்த தரவு ‘மீட்பு’ கோப்பில் இருக்கும். என் முக்கால் கோப்பை அப்படித்தான் மீட்டேன். இழந்ததைத் திருப்பித் தரும் ஆற்றல் எக்ஸ்இசட்டுக்கும் இல்லை, எந்த ஹாஷுக்கும் இல்லை. அதற்குப் பார்2 என்ற தனிக் கருவி உண்டு. ‘பார்2 கிரியேட்’ கட்டளையோடு பத்து விழுக்காடு மிகைத்தரவு கேட்டால், சுருக்கிய கோப்பின் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு துணைக் கோப்புகளை அது உருவாக்கும். பின்னாளில் அந்த அளவுக்குள் சிதைவு நேர்ந்தால் ‘பார்2 ரிப்பேர்’ மூலத்தைப் பைட் மாறாமல் கட்டியெழுப்பும். ஒரே ஒரு நகல்தான் வைத்திருக்க முடியும் என்ற நிலையில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் நான் இதைச் செய்கிறேன். மற்றவற்றுக்கு வேறு வட்டில் இரண்டாவது நகலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலோடு ‘--செக்’ இயக்குவதும் போதுமானவையாக இருக்கின்றன.